நெய்வேலி காரும் பரனூர் ஆண்டெனாவும்

நெய்வேலி நகரியத்திலிருந்து பண்ருட்டி, விக்கிரவாண்டி வழியாகச் சென்னைக்குப் போகும் கார், ஆத்தூரிலும் பரனூரிலும் சுங்கச்சாவடியில் நின்றாக வேண்டும். கணக்கில் பணம் இருக்கும். ஆனாலும் சில நேரம் தடுப்புக் கட்டை உயராது. பின்னால் ஹாரன் அலறும், ஊழியர் கையடக்க ரீடரோடு ஓடி வருவார். திட்டு பெரும்பாலும் வங்கிக்குத்தான் விழும். குற்றவாளி ஆண்டெனாவாகவும் இருக்கலாம்.

2021 பிப்ரவரி 15 நள்ளிரவு முதல் கட்டாயமாகிவிட்ட, கார்க் கண்ணாடியில் ஒட்டும் சுங்கக் கட்டண ஸ்டிக்கரான ஃபாஸ்டேக்கில் பேட்டரி கிடையாது. சாவடிக் கூரையிலிருந்து சாய்ந்து பார்க்கும் தட்டையான பெட்டிதான் ஆண்டெனா. அது அனுப்பும் அலையிலிருந்தே ஸ்டிக்கரின் சிப் தனக்கான மின்சாரத்தை எடுத்துக்கொண்டு, தன் எண்ணைத் திருப்பிச் சொல்கிறது. கிடைப்பது துளி மின்சாரம். சிந்தாமல் சிப்புக்குப் போய்ச் சேர வேண்டும்.

ஸ்டிக்கரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் நெளிநெளியாக உலோகக் கோடுகள் தெரியும். இந்தியாவில் 2005இல் உரிமம் தேவையில்லை என்று திறந்துவிடப்பட்ட 865-867 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் இதன் அலைநீளம் சுமார் 35 செ.மீ. ஸ்டிக்கரின் ஆண்டெனாவான அந்தக் கோடுகளுக்கு அதில் பாதி நீளம் வசதி. அவ்வளவு இடமில்லாததால் மடித்து வரைகிறார்கள். சிப் மின்தேக்கியின் குணம் கொண்டது. அதை ஈடுகட்ட, சிப்பை ஒட்டி மின்தூண்டியாக ஒரு சிறு வளையம். இந்தக் கணக்கில் கண்ணாடியும் சேர்த்திதான். அதனால் கண்ணாடியில் ஒட்டாமல் கையில் பிடித்துக் காட்டினால் பொருத்தம் குலையும். போதாததற்கு உடம்பின் நீர் வேறு அலையை விழுங்கும்.

மேலே இருக்கும் ஆண்டெனாவைச் சக்திவாய்ந்ததாக வாங்கினால் தீராதா? தீராது. டிரான்ஸ்மிட்டருக்கு 1 வாட், ஆண்டெனாவிலிருந்து வெளிவருவதற்கு 4 வாட் என விதி வரம்பு கட்டியிருக்கிறது. வீச்சு அகன்றால் பக்கத்து வரிசை காரையும் படித்துத் தொலைக்கும். டேக் எந்தக் கோணத்தில் ஒட்டியிருந்தாலும் படிக்க, அலையைச் சுழலவிடும் ஆண்டெனாவைத் தேர்ந்தெடுப்பதுண்டு. அதில் பாதி சக்தி வீண். தெரிந்தே ஏற்கும் நஷ்டம்.

இதே கார் ஸ்டிக்கரை நெய்வேலிச் சுரங்கத்தின் எஃகு எந்திரத்தில் ஒட்டினால் ஊமையாகிவிடும். உலோகம் அலையைத் திருப்பியடித்து, ஸ்டிக்கருக்கு எட்டும் சக்தியை அழித்துவிடும். போதாக்குறைக்கு இங்கே வெட்டும் பழுப்பு நிலக்கரியில் ஏறக்குறைய பாதி ஈரம். அத்தகைய இடத்துக்கென்று, அடியில் இடைவெளிப் பட்டை வைத்த தடித்த டேக் தனியாக விற்கிறது. விலை பல மடங்கு.