உதவித்தொகைக்கு மனுச் செய்வோர் கவனத்திற்கு

உழவர் பெருமக்களே!

அரசு உதவித்தொகை பெறத் தகுதியிருந்தும், எவரிடம் கேட்பது, எங்கே மனுச் செய்வது என்பதை அறியாமையால் அதனை இழப்போர் பலர். முதியோர் உதவித்தொகை தமிழ்நாட்டில் 1962ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. 2023 ஆகஸ்டு முதல் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. மனு ஓராண்டு தேங்கினால் 14,400 ரூபாய் கைக்கு வராது போகும். ஆதரவற்ற முதியவருக்கு இது சிறு தொகையன்று.

எந்த அலுவலகம்?

அம்பத்தூரை அடுத்த கள்ளிக்குப்பத்தை எடுத்துக்கொள்வோம். அம்பத்தூர் நகராட்சி 2011இல் சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. அம்பத்தூர் வட்டம் 2018இல் திருவள்ளூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாவட்டத்திற்கு மாற்றப்பட்டது. ஆவடி, பூந்தமல்லி வட்டங்களோ திருவள்ளூர் மாவட்டத்திலேயே உள்ளன. ஆகவே கள்ளிக்குப்பத்தில் குடியிருந்து, ஆவடிப் பக்கம் நிலம் வைத்திருப்பவர் இரு மாவட்டங்களுக்கும் உரியவராகிறார். முதியோர் உதவித்தொகைக்குக் குடியிருக்கும் வட்டத்தையும், நிலத்தைச் சார்ந்த உதவிகளுக்கு நிலம் உள்ள வட்டத்தையும் அணுகுதல் வேண்டும்.

மனுச் செய்யுமுன்

1. ஆதார், குடும்ப அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகிய மூன்றிலும் பெயர், வயது, முகவரி ஒன்றாக உள்ளனவா எனப் பார்க்கவும். வேறுபாடு இருப்பின் முதலில் திருத்திக்கொள்ளவும்.

2. பட்டா இறந்துபோன தந்தையார் பெயரில் இருப்பின் வாரிசுச் சான்று பெற்றுப் பெயர் மாற்றிக்கொள்ளவும். ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணைகளில் வழங்கும் பிரதமரின் கிசான் திட்டத்தில், 1-2-2019 அன்று நிலம் தம் பெயரில் இருந்தோரே தகுதியுடையோர். அதன் பின் வாரிசு முறையில் நிலம் பெற்றோருக்கு விலக்கு உண்டு.

3. 2011இல் தொடங்கிய முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டம், இரண்டரை ஏக்கர் நன்செய் அல்லது ஐந்து ஏக்கர் புன்செய்க்கு மேற்படாத சிறு, குறு விவசாயிகளுக்கும் விவசாயத் தொழிலாளர்களுக்கும் உரியது. உங்கள் குடும்பத்தார் உறுப்பினரா எனக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டறியவும்.

யோசனை கூறுவோர் யார்?

இ-சேவை மையத்தில் மனுவைப் பதியலாம். அறிவிப்பிலுள்ள கட்டணத்திற்கு மேல் தர வேண்டியதில்லை. ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்தவும். மனுவின் நிலையை அறிய அந்த எண்ணே ஆதாரம். கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்தபின், சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் முடிவு செய்வார். விசாரணைக்கு வரும்போது அசல் ஆவணங்களைக் காட்டவும். தரகரிடம் பணமோ அசல் ஆவணமோ ஒப்படைத்தல் கூடாது.

மனு தள்ளுபடியானால்

மனம் தளர வேண்டாம். காரணத்தை எழுத்து மூலம் கேட்டுப் பெறவும். குறை சிறிதாயின் திருத்தி மீண்டும் மனுச் செய்யலாம். காரணம் சரியன்று எனத் தோன்றினால், திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் மக்கள் குறைதீர் நாளில் மனுக் கொடுக்கலாம். பதிலே வராவிடின், 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணம் செலுத்திக் கேட்டால் 30 நாட்களுக்குள் விவரம் தரப்படல் வேண்டும்.

சட்ட யோசனை தேவைப்படின் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், வருமானம் குறைந்தோர் முதலியோருக்கு இங்கு உதவி இலவசம். தொலைபேசி எண் 15100.

உழவர் பெருமக்களே! இதனைப் படிக்கத் தெரிந்த உங்கள் அருகிலேயே எழுத்தறியாத முதியவர் ஒருவர் இருக்கக் கூடும். அவருடைய ஆவணங்களை ஒருமுறை சரிபார்த்து, இ-சேவை மையம் வரை துணையாகச் சென்று வாருங்கள். உங்களுக்கு அது அரை நாள் வேலை. அவருக்கோ மாதந்தோறும் வரும் ஆதரவு.