எலும்பு கூடிய பிறகு

அல்சூர் சோமேஸ்வரர் கோயிலைச் சுற்றியுள்ள பழைய சந்துகளில், இடுப்பெலும்பு முறிந்தவருக்கு உண்மையான சோதனை வீடு திரும்பியதும்தான் ஆரம்பிக்கிறது: மாடிப்படி, தரையில் சாப்பாடு, இந்தியக் கழிப்பறை.

எலும்பு பெரும்பாலும் மூன்று மாதத்தில் கூடிவிடும். ஆனால் வளையம் போன்ற அந்த எலும்பு உடையும்போது நரம்பும் சிறுநீர்க் குழாயும்கூடக் காயப்படலாம். வலியும் தாம்பத்தியச் சிக்கலும் ஆண்டுக்கணக்கில் நீடிப்பதுண்டு. கூச்சத்தால் நோயாளி சொல்வதில்லை. அவசரத்தில் டாக்டர் கேட்பதில்லை.

குணமானதை அளக்க மஜீத் என்ற மருத்துவர் 1989ல் வெளியிட்ட மதிப்பெண் முறையில் நூற்றுக்கு வலிக்கு 30, நிற்க நடக்க 36, வேலைக்கு 20, உட்கார 10. தாம்பத்தியத்துக்கு? வெறும் 4. சம்மணமிடுவது, குந்துவது பற்றித் தனிக் கேள்வியே இல்லை. நாற்காலியில் வாழ்பவர்களின் கணக்கு!

உயரமான கழிப்பறை இருக்கையும் படியோரக் கைப்பிடியும் பாதிக் கஷ்டத்தைக் குறைக்கும். வாடகை வீட்டில் அதற்கும் வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும்.