யாரிடம் மன்னிப்புக் கேட்பது?

யூத சமயத்தின் ஆகப் புனிதமான நாள் யோம் கிப்பூர். ஏறத்தாழ 25 மணி நேரம் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் நோன்பிருந்து, ஜெப ஆலயத்தில் கூடிப் பாவ அறிக்கை செய்வார்கள். ஆனால் அந்த நோன்பு எல்லாப் பாவத்தையும் கழுவிவிடாது. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற சட்டநூல் இதில் கறாராக இருக்கிறது: கடவுளுக்குச் செய்த பிழை அந்த நாளில் தீரும், சக மனிதருக்குச் செய்த பிழையோ, அவர் மனம் ஆறும்வரை தீராது.

அதனால்தான் நோன்புக்கு முந்தைய நாட்களில், மனம் நோகச் செய்தவர்களின் வீடு தேடிப் போவது வழக்கமாயிற்று. 12ஆம் நூற்றாண்டின் பேரறிஞர் மைமோனிடிஸ் அதற்கு முறை வகுத்தார். பறித்த பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் மட்டும் போதாது, மன்னிப்பும் கேட்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் மசியாவிட்டால் நண்பர்கள் மூவரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். இப்படி மூன்று தடவை. அதற்கு மேலும் பிடிவாதம் பிடித்தால் பாவம் மறுத்தவர் பக்கம் சாய்ந்துவிடும். பாதிக்கப்பட்டவர் இறந்துபோயிருந்தால், பத்துப் பேரோடு அவருடைய கல்லறைக்குப் போய், செய்ததை அவர்கள் காதுபடச் சொல்ல வேண்டும்.

காசு சம்பந்தப்பட்ட குற்றத்துக்குக் கணக்கு உண்டு. பேச்சால் விளையும் குற்றத்துக்கு அது கிடையாது. எனவே மிஷ்னாவின் மீதான விவாதங்களின் தொகுப்பான தால்முத்தின் அறிஞர்கள் நாக்கின்மீது கூடுதல் கண் வைத்தார்கள். புறம்பேச்சு சொன்னவரையும் கேட்டவரையும் பேசப்பட்டவரையும் சேர்த்தே அழிக்கும் என்பது அவர்கள் கருத்து. பேசியது உண்மைதானே என்ற சமாதானம் அங்கே செல்லாது. பொய்யாகப் பழி சுமத்துவது அதைவிடப் பெரிய, தனிக் குற்றம். திருந்தியவரிடம் பழைய கதையைக் கிளறுவதும் தவறு. வாங்கும் எண்ணமே இல்லாமல் கடைக்காரரிடம் விலை கேட்பதுகூடத் தவறு என்கிறது மிஷ்னா. (நம் கடைத்தெருக்களில் இதை அமல்படுத்தினால் பாதிக் கூட்டம் கலைந்துவிடும்.) குறளில் ஓர் அதிகாரம் பெற்ற புறங்கூறாமைக்கு யூத மரபில் தனிச் சட்டநூலே உண்டு. ராடின் ஊரைச் சேர்ந்த இஸ்ரேல் மேயிர் ககான் அதை 1873இல் வெளியிட்டார். அந்த நூலின் பெயரான ‘ஹாஃபெட்ஸ் ஹயிம்’ அவருக்கே பெயராக நிலைத்துவிட்டது.

பாவ அறிக்கை செய்யும்போது குற்றத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டுமா? தால்முத்தில் இதற்கு இரண்டு தரப்பு உண்டு. சக மனிதருக்கு இழைத்த தீங்கானால் வெளிப்படையாக, இன்னது செய்தேன் என்று சொல்ல வேண்டும் என்பது மைமோனிடிஸின் தீர்ப்பு.

ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரத்தை இந்த அளவுகோலால் அளந்து பார்க்கலாம். நாஜி ஆட்சியில், 1938 நவம்பரில் அங்கே ஃபிரீட்ரிக் தெருவிலும் பிளைக் தெருவிலும் இருந்த பெரிய ஜெப ஆலயங்கள் எரிக்கப்பட்டன. 1942இல் நகரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் இருந்த யூதர்கள் அங்கிருந்து ரயிலேற்றி அனுப்பப்பட்டார்கள். போருக்குப் பின் அதே ஊரில், 1947 ஆகஸ்ட் 8 அன்று, ஜெர்மன் சுவிசேஷத் திருச்சபையின் சகோதரர் மன்றம் ‘டார்ம்ஸ்டாட் வாக்கு’ என்ற அறிக்கையை வெளியிட்டது. ஹான்ஸ் யோவாகிம் இவான்ட், கார்ல் பார்த், மார்ட்டின் நீமோலர் ஆகியோர் அதை உருவாக்கியதில் முக்கியமானவர்கள். தேசியவாதக் கனவு, ராணுவ மோகம், பழைமைவாதிகளோடு வைத்த கூட்டு எனத் திருச்சபையின் தவறுகளை அது துணிச்சலாகவே பட்டியலிட்டது. அந்தப் பட்டியலில் யூதர்கள் இல்லை.

1948 ஏப்ரல் 8 அன்று அதே மன்றம் அதே நகரத்தில் யூதர்களைப் பற்றித் தனி அறிக்கை வெளியிட்டது. திருச்சபையின் யூத வெறுப்பை அது ஒப்புக்கொண்டது. கூடவே, யூதர்களின் கதியைக் கடவுளின் தீர்ப்பாகக் காணும் பழைய இறையியலையும் விடவில்லை. அநியாயத்துக்கு ஆளானவரிடமே அவருடைய குற்றத்தை எடுத்துச் சொல்வதை மன்னிப்புக் கேட்பது என்று மிஷ்னா அறிஞர்கள் ஏற்றிருக்க மாட்டார்கள்.

நகரம் பிறகு வேறு வழியில் பேசியது. தீவைப்பு நடந்து 50 ஆண்டுகள் ஆன 1988 நவம்பர் 9 அன்று, கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரட் யாக்கோபி வடிவமைத்த புதிய ஜெப ஆலயம் திறக்கப்பட்டது. 2003இல் நகர மருத்துவமனை வளாகத்தில் கட்டட வேலைக்காகத் தோண்டியபோது ஃபிரீட்ரிக் தெரு ஆலயத்தின் எஞ்சிய சுவர்கள் வெளிப்பட்டன. அவை அப்புறப்படுத்தப்படவில்லை, 2009இல் அந்த இடமே நினைவிடமாகத் திறக்கப்பட்டது.