மராத்தானுக்கு முந்திய மூன்று வாரங்கள்



மராத்தான் ஓட்டத்தின் தொலைவு 42.195 கிலோமீட்டர். சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் வரை ஓடி, அதன் பின்னும் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் ஓடுவதற்கு இது ஒப்பாகும். நான்கு மணி நேரத்தில் முடிக்க விரும்புகிறவர் ஒவ்வொரு கிலோமீட்டரையும் 5 நிமிடம் 41 வினாடியில் கடக்க வேண்டும். நம் தோட்டத்து இளைஞர்கள் சிலர் செம்மண் சாலைகளில் மாதக்கணக்கில் ஓடிப் பழகி இத்தகுதியைப் பெற்றும், கடைசி வாரங்களில் அதை இழந்துவிடுகிறார்கள். காரணம் சோம்பல் அன்று. அளவு மீறிய உழைப்பே.

பால்மரத்தை எண்ணிப் பாருங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் சீவினால், இடையில் மரம் பாலை ஊறச் செய்துகொள்கிறது. ஓய்வின்றிச் சீவினால் பட்டை வறண்டுவிடும். நம் உடலும் அத்தகையதே. கடுமையாக ஓடும்போது தசைநார்களில் நுண்ணிய சிதைவுகள் ஏற்படுகின்றன. தசையிலுள்ள கிளைக்கோஜன் என்னும் சர்க்கரைச் சேமிப்பும் கரைகிறது. ஓய்வில்தான் இவை சீராகின்றன. இன்று ஓடிய நீண்ட ஓட்டத்தின் பயன் கைக்கு வர ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். ஆகவே, கடைசி வாரத்தில் ஓடும் நெடுந்தொலைவு களைப்பை மட்டுமே தரும்.

அப்படியானால் என்ன செய்வது? சுமார் 30 கிலோமீட்டர் கொண்ட இறுதி நீண்ட ஓட்டத்தை, போட்டிக்கு மூன்று வாரம் முன்பே முடித்துவிட வேண்டும். வாரம் 60 கிலோமீட்டர் ஓடிவந்தவர் பிறகு 45, 35 எனக் குறைத்து, போட்டி வாரத்தில் 20 அளவில் நிறுத்தலாம். தொலைவைக் குறைக்க வேண்டுமே தவிர, வேகத்தை அன்று. வாரம் இருமுறை சிறிது தூரம் போட்டி வேகத்தில் ஓடினால் கால்கள் அதை மறவா.

மேட்டிலும் பள்ளத்திலும் ஏறியிறங்கிப் பால்மரம் சீவுவதும், செம்பனைக் குலை சுமப்பதும் பயிற்சிக் கணக்கில் சேர்ந்தவையே. விடுப்பு எடுத்தால் ஒருநாள் சம்பளம் போகும் என்பதை நாம் அறிவோம். வேலையைக் குறைக்க முடியாதவர் மாலை ஓட்டத்தையும் பந்து விளையாட்டையும் குறைத்துக்கொள்ளட்டும்.

கடைசி இரண்டு மூன்று நாள்களில் சோறு, இட்லி, மரவள்ளிக்கிழங்கு போன்ற மாவுச்சத்து உணவைக் கூடுதலாகவும், எண்ணெய்ப் பண்டங்களைக் குறைவாகவும் உண்பது நலம். அப்போது உடல் எடை ஒரு கிலோ கூடினால் அஞ்ச வேண்டாம். கிளைக்கோஜனோடு நீரும் சேர்ந்து தங்குவதே அது.

புதுக் காலணியும் புது உணவும் அவ்வாரத்தில் ஆகா. 1960 ரோம் ஒலிம்பிக்கில் எத்தியோப்பியாவின் அபெபே பிக்கிலா, பொருந்தாத புதுக் காலணியை ஒதுக்கிவிட்டு, பழகியபடியே வெறுங்காலுடன் ஓடி, 2 மணி 15 நிமிடம் 16 வினாடியில் தங்கம் வென்றார். வெறுங்கால் ஓட்டத்திற்குப் பெயர்பெற்ற இந்தியாவின் சிவ்நாத் சிங், 1978 இல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடத்தில் ஓடினார்; அந்த இந்தியச் சாதனை 40 ஆண்டுகளுக்கும் மேலாக நிலைத்தது.

நம் நாட்டு வெப்பத்தில் குளிர்நாட்டு நேரக்கணக்கு அப்படியே பொருந்தாது. புழுக்கம் மிகுந்தால் இலக்கைச் சில நிமிடங்கள் தளர்த்துவதே அறிவுடைமை. தொடக்கத்தில் பிறரை முந்தும் ஆசையை அடக்க வேண்டும். அங்கே மிச்சப்படுத்தும் வலிமை 30ஆவது கிலோமீட்டருக்குப் பின் கைகொடுக்கும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். அந்நாள்களில் பிள்ளை ஓடாமல் வீட்டிலிருந்தால், ஊக்கம் குறைந்துவிட்டதென்று கடிந்துகொள்ளாதீர்கள். அவன் சோம்பியிருக்கவில்லை; சேர்த்ததைக் காத்துக்கொண்டிருக்கிறான்.