குழுவுக்குத் தலைவர் யாருங்க?

எங்க கீரனூர் பக்கம் இயற்கை விவசாயத்துக்கு மாறணும்னு வர்றவங்க முதல்ல கேட்கிறது, ஜீவாமிர்தத்துக்கு எத்தனை கிலோ சாணம் என்பதுதான். ‘குழுவுக்கு யாரைத் தலைவரா வைக்கப் போறீங்க?’ன்னு நான் திருப்பிக் கேட்பேன். சாணக் கணக்கை ஒரே நாளில் கத்துக்கலாம். தலைவர் சரியா அமையலைன்னா இரண்டாம் வருசமே குழு கலைஞ்சு போகும்.

பி.ஜி.எஸ். சான்று வாங்கினவங்களுக்கு இது புரியும். குறைந்தது 5 விவசாயிகள் சேர்ந்து உறுதிமொழி கொடுத்து, ஒருத்தர் காட்டை இன்னொருத்தர் நேரில் போய்ப் பார்த்துச் சொல்கிற முறை அது. அதுல ஒருத்தர் ராத்திரியில மருந்தடிச்சா, எல்லார் பேரும் கெட்டுப்போகும்.

2018-க்கு அப்புறம் மக்காச்சோளத்தில் படைப்புழு வந்து எல்லாரையும் ஆட்டி வச்சதே, அந்தச் சமயத்தில் எங்க குழுவிலும் ஒரு பேச்சு கிளம்பியது. ஒரு தம்பி காட்டுல மருந்து டப்பா கிடக்குதாம். கூட்டத்தில் நிக்க வச்சுக் கேட்கணும்னு பாதிப் பேர் குதிச்சாங்க. தலைவர் அண்ணன் கூட்டமே போடலை. விடிகாலையில் அந்தக் காட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். டப்பாவைப் பற்றி அவர் வாயே திறக்கலை. குருத்தைப் பிரிச்சுப் பார்த்தார். ‘எத்தனை நாள் பயிர்ப்பா, புழு எப்போ கண்ணுல பட்டுச்சு?’ன்னு கேட்டுட்டு, பதில் வர்ற வரைக்கும் சும்மா நின்னார். கொஞ்ச நேரத்தில் அந்தத் தம்பியே, “கடனை நினைச்சுப் பயந்துட்டேன்ணே, அடிச்சுட்டேன்” என்றார்.

அண்ணன் அதை மூடி மறைக்கலை. அந்த நிலத்துக்கு மாறுதல் காலம் முதலிலிருந்து தொடங்கணும்னு பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கினார். சாயங்காலமே 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடிச்சு ஊறப் போட்டாச்சு. மறுநாள் வடிகட்டி, 100 லிட்டராக்கி, குழு ஆட்களே மீதிக் காட்டில் தெளித்தார்கள். அந்தத் தம்பி இன்னைக்கும் குழுவில் இருக்கார்.

நம்மாழ்வார் ஐயாவும் விவசாயி சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டவர்தான். 1960-களில் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தார். அங்கே சொல்லப்படும் செலவு பிடித்த விவசாயம் மானாவாரிக்காரனுக்கு உதவாதுன்னு கண்டு, அரசு வேலையை விட்டார். பக்கத்திலிருக்கும் காந்திகிராமப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் கொடுத்த பிறகும் மண் தரையில் உட்கார்ந்து பேசுகிறவராகவே இருந்தார். மைக்கைக் கண்டதும் மாறிப்போகிற தலைவர்களையும் நாம பார்த்திருக்கோமே!

நெல் ஜெயராமனிடம் இருந்தது வேறொரு பழக்கம். ஆதிரங்கம் நெல் திருவிழாவில் 2 கிலோ பாரம்பரிய விதை கொடுப்பார். வாங்கினவர் அடுத்த வருசம் 4 கிலோவாகத் திருப்பித் தரணும். சும்மா கிடைச்ச விதை மூட்டையிலேயே செல்லரிக்கும். திருப்பித் தரணும்னா தனிப் பாத்தி கட்டி, கலப்பு பிடுங்கி, பார்த்துப் பார்த்து வளர்ப்பாங்க. கொடுத்ததை முகம் சுளிக்காம கேட்டு வாங்கவும் ஒரு தெம்பு வேணும். நம்மள்ல நிறையப் பேருக்கு அது வராது.

எங்க விதைக் கணக்கையும் அப்படித்தான் நோட்டுப் போட்டு, கூட்டத்தில் சத்தமா வாசிக்கிறோம். அண்ணன் பேரும் அதில் இருக்கு, அவர் பாக்கியும் இருக்கு. களையெடுப்பு முடிஞ்சு பெண்கள் வர்ற நேரத்துக்குக் கூட்டத்தை மாற்றிய பிறகு, நோட்டு எழுதுறது ஒரு அக்கா. போன மாசம் முதல்ல வாசிச்சது அண்ணனோட ஒன்றரைக் கிலோ பாக்கியைத்தான்.