சலவைக்குப் போன நினைவட்டை

ஒளிப்படக்கலை தோன்றிய காலந்தொட்டு நீரோடு நெருங்கிய உறவு பூண்டே வளர்ந்து வந்தது. படச்சுருளைக் கமராவிலிருந்து எடுத்து, இருட்டறையில் இரசாயனக் கரைசல்களில் தோய்த்து, ஓடும் நீரில் அலசி, கொடியிற் கட்டி உலரவிட்ட பின்னரே படம் படமாயிற்று. அதனாலேயே இவ்வேலையைப் 'படம் கழுவுதல்' என்று மக்கள் வழங்கினர். எனினும், கழுவப்படாத சுருள் ஒன்று சட்டைப்பையோடு சலவைத் தொட்டிக்குப் போய்விடின், அதனுட் பதிந்த காட்சிகளைப் பெரும்பாலும் மறந்துவிட வேண்டியதே. சுருளின் மீதுள்ள செலற்றின் பூச்சு நீரை உறிஞ்சி வீங்கும்; சுற்றோடு சுற்று ஒட்டிக்கொள்ளும்; பிரித்தெடுக்கும்போது ஒளியும் புகுந்து எஞ்சியதைக் கெடுத்துவிடும்.

இக்காலத்துக் கமராக்களிற் பெரும்பாலானவற்றுக்குப் படச்சுருள் வேண்டியதில்லை. அதன் இடத்தை நினைவட்டை பெற்றுக்கொண்டது. 1999ஆம் ஆண்டில் சான்டிஸ்க், மற்சுசிற்றா, தொசிபா ஆகிய மூன்று நிறுவனங்கள் கூடி அறிமுகஞ் செய்த எஸ். டி. அட்டையே இன்று பரவலாக வழங்குவது. அதன் நீளம் 32 மில்லிமீற்றர், அகலம் 24 மில்லிமீற்றர், தடிப்பு 2.1 மில்லிமீற்றர்; நிறை ஏறத்தாழ 2 கிராம். ஒரு தபால் முத்திரையளவினதாகிய இப்பொருளிலே ஒரு திருமண வைபவம் முழுவதும் அடங்கிவிடுகின்றது. ஒரு குழந்தையின் முதலாண்டும், இப்பொழுது உயிரோடில்லாத ஒரு பாட்டியின் கடைசிப் புன்னகையும் அதற்குள் இருத்தல் கூடும். சிறியதாகையால் அது சட்டைப்பையில் மறதியாகக் கிடந்து சலவைக்குப் போவதும் எளிது. உலர்ந்த துணியை மடிக்கும்போது கையில் தட்டுப்படும் அவ்வட்டை இனிப் பயன்படுமா? அதனுள் இருந்த படங்கள் பிழைத்திருக்குமா? இவை ஒரே வினாப்போலத் தோன்றினும் இரண்டு வினாக்களாகும். அட்டை கெட்டும் படங்கள் பிழைத்திருக்கலாம் என்பது பின்னர்ப் புலப்படும்.

விடை காண்பதற்கு அட்டையின் உள்ளே படம் எவ்வாறு தங்குகின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும். 1967ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த டாவன் காங், சைமன் சே என்னும் அறிஞர் இருவர் மிதக்கும் வாயில் என்னும் அமைப்பை விவரித்தனர். இவ்வடிப்படையில், யப்பானியப் பொறியியலாளரான புஜியோ மசுவோக்கா தொசிபா நிறுவனத்திற் பணியாற்றியபோது புதியதொரு நினைவகத்தை உருவாக்கி, அதன் ஒரு வகையை 1984ஆம் ஆண்டிலும் மற்றொரு வகையை 1987ஆம் ஆண்டிலும் அறிஞர் அவையில் வெளியிட்டார். பெருந்தொகையான நினைவணுக்களை ஒருங்கே அழித்துவிடும் அதன் இயல்பு, கமராவின் மின்னல் விளக்கு ஒரு கணத்திற் பளிச்சிடுவதைத் தம் தோழர் ஒருவருக்கு நினைவூட்டியமையால், 'பிளாஷ்' என்னும் பெயர் அதற்கு வாய்த்தது. இன்று கமரா அட்டைகளுக்குள் இருப்பது இந்நினைவகமே.

நினைவணு ஒவ்வொன்றும் இலத்திரன்களைச் சிறைவைக்கும் ஒரு நுண்ணறை எனலாம். அவ்வறையைச் சுற்றியுள்ள சுவர் சிலிக்கனீரொட்சைட்டு என்னும் காவலிப் பொருளால் ஆனது. ஒருபுறத்துச் சுவரின் தடிப்பு பத்து நனோமீற்றர்க்கும் குறைவு; எனினும் அதனைக் கடப்பது இலத்திரனுக்கு எளிதன்று. அறையில் உள்ள மின்னேற்றம் எவ்வளவு என்பதே எழுதப்பட்ட செய்தியாகும். எழுதுவதற்கும் அழிப்பதற்கும் ஏறத்தாழ 20 வோல்ற்று அழுத்தம் தேவைப்படும். அதனை அட்டையே தனக்குள் ஆக்கிக்கொள்கின்றது. எழுதியபின் மின்னை நிறுத்திவிட்டாலும் இலத்திரன்கள் ஆண்டுக்கணக்கில் அங்கேயே தங்கும். இந்நுண்ணறைகளைத் தாங்கிய சிலிக்கன் சில்லு கடினமான பிசினுக்குள் புதைக்கப்பட்டிருக்கின்றது. சலவை நீர் அச்சில்லை எளிதில் அணுகுவதில்லை; இலத்திரன்களைச் சிறையிலிருந்து வெளியேற்றும் மின்னழுத்தமும் நீரிடத்தில் இல்லை. செலற்றின் பூச்சு நீரால் அழிந்ததற்கும், நினைவட்டை நீரிற் பிழைப்பதற்கும் உள்ள வேற்றுமை இதுவே.

அங்ஙனமாயின் நீரால் யாதொரு தீங்கும் இல்லையா? உண்டு. ஆனால் அத்தீங்கு நீரினால் மட்டும் வருவதன்று. நீரும் மின்னும் சேரும்போதே வருவது. தூய நீர் மின்னை மிகச் சொற்பமாகவே கடத்தும். கிணற்று நீரிலும் குழாய் நீரிலும் உப்புக்கள் கரைந்துள்ளன. சவர்க்காரமும் சலவைத் தூளும் அவற்றோடு சேர்கின்றன. இத்தகைய நீர் நல்ல கடத்தியாகும். எஸ். டி. அட்டையின் முதுகில் ஒன்பது உலோகத் தொடுகைகள் வரிசையாக அமைந்துள்ளன. ஈரம் காயாத அட்டையைக் கமராவினுட் செலுத்தினால், ஏறத்தாழ 3.3 வோல்ற்று மின் அத்தொடுகைகளுக்கு வரும். மின் செல்லத்தகாத வழியிற் சென்று சுற்றைக் குறுக்கிடும். தொடுகைகளின் கீழுள்ள செம்பு கரைந்து அரிக்கப்படும். சலவை இயந்திரத்தினுள் இருந்தபோது அட்டைக்கு மின் ஊட்டம் இல்லை. ஆகவே அங்கே அது உறங்கிக் கிடந்தது. அதனைக் கொல்வது பெரும்பாலும் சலவையன்று. சலவை முடிந்தவுடன் 'வேலை செய்கின்றதா' என்று பார்க்கும் அவசரமே.

அட்டையின் கட்டமைப்பும் கருதத்தக்கது. 15 மில்லிமீற்றர் நீளமும் 11 மில்லிமீற்றர் அகலமுமுடைய மைக்ரோ எஸ். டி. அட்டை ஒரே கட்டியாக வார்க்கப்பட்டது. நீர் புகுதற்கு இடுக்கு இல்லை. பெரிய எஸ். டி. அட்டைகளிற் பல, இரண்டு பிளாஸ்டிக் ஓடுகளை ஒட்டி ஆக்கப்பட்டவை. அவ்வோடுகளின் இடையே நீர் புகுந்து நெடுநேரம் தங்குதல் கூடும். மேற்புறம் உலர்ந்துவிட்டது என்பதனால் உட்புறமும் உலர்ந்துவிட்டது எனக் கொள்ளலாகாது. சில அட்டைகள் ஒரு மீற்றர் ஆழ நீரில் 30 நிமிடம் கிடப்பினும் பழுதுறா என்னும் தரச்சான்றுடன் விற்கப்படுகின்றன. அச்சான்று நன்னீருக்கு உரியது. சவர்க்கார நீருக்கும் வெளிற்றும் தூளுக்கும் உரியதன்று என்பதை மறத்தல் ஆகாது.

அடுத்து வெப்பம். எஸ். டி. அட்டைகள் சதம அளவையில் 85 பாகை வரை தாங்கும் என்பது தயாரிப்பாளர் பலர் தரும் அளவு. சலவை நீர் பெரும்பாலும் 60 பாகையைத் தாண்டுவதில்லை. மேலைநாட்டு இல்லங்களில் வழங்கும் உலர்த்தும் இயந்திரத்தினுள்ளும் வெப்பம் பொதுவாக இவ்வெல்லைக்குள் அடங்கும். எனினும் வெப்பம் முற்றிலும் தீங்கற்றதன்று. வெப்பம் ஏற ஏற, சிறைப்பட்ட இலத்திரன்கள் கசிந்து வெளியேறும் வேகமும் ஏறும். 70 பாகையில் ஒரு மணி நேரம் கிடக்கும் அட்டை, சாதாரண அறையிற் சில நாட்கள் கிடந்த அளவுக்கு மூப்படையலாம். பல ஆண்டுகள் செய்தியைக் காக்க வல்ல அட்டைக்கு இது பெரிய இழப்பன்று. ஆனால் துணியோடு சேர்த்து மின்னழுத்தியால் அழுத்திவிட்டாற் கதை வேறு. பருத்தித் துணிக்கு வைக்கும் அழுத்தியின் வெப்பம் ஏறத்தாழ 200 பாகை. அது பிளாஸ்டிக் ஓட்டை உருக்கி உருமாற்றிவிடும்.

மோதலும் முறுக்கலும் மூன்றாவது அபாயம். நினைவட்டையில் அசையும் உறுப்பு யாதும் இல்லை. ஆகவே அதிர்ச்சியை அது பெரிதும் பொறுத்துக்கொள்ளும். சலவை இயந்திரம் நிமிடத்துக்கு 1,200 முறை சுழன்று பிழியும்போது, உருளையின் சுவரோடு ஒட்டிய 2 கிராம் அட்டை ஏறத்தாழ 800 கிராம் நிறையுடையது போல அழுத்தப்படும். அவ்விசை அட்டை முழுவதிலும் பரவுமாதலால் அது முறிவதில்லை. கல்லில் அடித்துத் துவைப்பது இதனினும் கொடியது. ஓங்கி அடிக்கும் ஒரே அடியின் விசை ஒரு முனையில் விழுந்தால் அட்டை வளையும். உள்ளிருக்கும் சில்லு வெடிக்கும். சில்லு வெடித்த அட்டையை எவ்வித வைத்தியமும் மீட்பது அரிது. அட்டையின் ஓரத்திலுள்ள சிறிய பூட்டுத் துண்டும் துவைப்பிற் கழன்றுவிடலாம். அது வெறும் பிளாஸ்டிக் துண்டே. அதன் நிலையைக் கமரா உணர்ந்துகொள்கின்றது. அத்துண்டு இல்லாத அட்டை பூட்டப்பட்டதாகக் கருதப்படும். அவ்விடத்தில் மெல்லிய ஒட்டுநாடா ஒன்றை ஒட்டினால் குறை தீரும்.

இனி, அநுபவம் கூறுவதையும் கேட்டல் தகும். 2004ஆம் ஆண்டிற் பிரித்தானியச் சஞ்சிகையொன்று அக்காலத்து ஐவகை நினைவட்டைகளைச் சோதித்தது. அவற்றைக் கோலாப் பானத்தில் அமிழ்த்தினர், சலவை இயந்திரத்தில் இட்டனர், கோப்பியில் தோய்த்தனர், ஆறு வயதுச் சிறுவன் ஒருவனிடங் கொடுத்து அழிக்கச் சொன்னதும் உண்டு. அனைத்தையும் ஐந்து அட்டைகளும் தாங்கின. பெருஞ் சம்மட்டியால் அடித்தும் மரத்தில் ஆணியால் அறைந்தும் பார்த்தபோதே பெரும்பாலானவை தோற்றன. அதன்பின்னரும் இரண்டு வகை அட்டைகளிலிருந்து படங்களை வல்லுநர் மீட்டெடுத்தனர்.

இதனினும் உருக்கமான சான்றொன்றை அதே ஆண்டின் இறுதி தந்தது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் இலங்கையின் கரைகளை அழித்த அதே ஆழிப்பேரலை, தாய்லாந்தின் காவோ லக் கடற்கரையையும் அழித்தது. அங்கு விடுமுறையைக் கழிக்க வந்திருந்த கனடா நாட்டுத் தம்பதியர் இருவர் அதில் மாண்டனர். நிவாரணப் பணிக்கு வந்த அமெரிக்கர் ஒருவர் சிதைந்துபோன கமரா ஒன்றைக் கண்டெடுத்தார். கமரா எதற்கும் உதவாததாயிற்று. ஆனால் அதனுள் இருந்த நினைவட்டை கெடவில்லை. தம்பதியரின் மகிழ்ச்சியான நாட்களும், தொடுவானில் எழுந்த அலை படிப்படியாகக் கரையை நெருங்கிய காட்சியும் அதில் வரிசையாகப் பதிந்திருந்தன. காணாமற் போனோர் படங்களோடு ஒப்பிட்டு அவர்களை இனங்கண்ட அம்மனிதர், 2005ஆம் ஆண்டில் அப்படங்களை அவர்தம் புதல்வர்களிடம் சேர்ப்பித்தார். பெற்றோரின் கடைசிக் கணங்களை அப்பிள்ளைகள் அறிந்தது அந்தச் சிறிய அட்டையினாலேயே.

இச்சான்றுகளைக் கொண்டு எல்லா அட்டையும் எந்நாளும் பிழைக்கும் என முடிவு செய்தல் தவறு. அட்டை பிழைத்த செய்தியையே மக்கள் வியந்து பேசுவர். பிழையாத அட்டை பேசாமற் குப்பைக்குப் போகும். அன்றியும், இன்றைய அட்டைகள் 2004ஆம் ஆண்டின் அட்டைகள் போன்றவையல்ல. கொள்ளளவைப் பெருக்கும் பொருட்டு, ஒரே நினைவணுவில் மூன்று அல்லது நான்கு துண்டுச் செய்திகளை அடக்குகின்றனர். நுண்ணிய மின்னேற்ற வேறுபாடுகளை நம்பி நிற்கும் அவை, வெப்பத்தையும் மூப்பையும் பழையவற்றைப் போலப் பொறுக்க மாட்டா.

ஆதலால் நனைந்த அட்டையைக் கண்டவர் செய்யவேண்டுவன சில உள. முதலாவது, அதனை எக்கருவியிலும் செலுத்தாதிருத்தல். சவர்க்காரமோ கடலுப்போ படிந்திருப்பின், வடித்த நீரில் ஒருமுறை மெல்ல அலசி, பஞ்சு தெறிக்காத துணியால் ஒற்றியெடுத்தல் நன்று. பின்னர் நிழலிலே, காற்றோட்டமான இடத்தில் இரண்டு நாட்களாயினும் உலரவிடுதல் வேண்டும். மழைக்காலத்தில் இந்நாட்டின் காற்று ஈரஞ் செறிந்தது. அப்போது ஈரமுறிஞ்சும் சிலிக்காக் களிப் பொட்டலங்களோடு மூடிய போத்தலில் இட்டுவைக்கலாம். அரிசிக்குள் புதைக்கும் வழக்கத்தாற் பெரும்பயன் இல்லை. அரிசித் தூசு தொடுகைகளிற் படிவதே மிச்சம். அடுப்பருகில் வைப்பதும், தலைமயிர் உலர்த்தும் கருவியின் சுடுகாற்றைப் பாய்ச்சுவதும் தவிர்க்கத்தக்கன.

உலர்ந்தபின், விலைமதிப்புள்ள கமராவிற் செலுத்தாது, மலிவான அட்டைவாசிப்பானில் இட்டுக் கணினியிற் பார்ப்பதே அறிவுடைமை. படங்கள் தோன்றினால் அக்கணமே அனைத்தையும் பிரதி செய்துகொள்ளல் வேண்டும். மாறாக, அட்டையைப் புதிதாக வடிவமைக்கலாமா என்று கணினி வினவினால் இசையலாகாது. அதன்மீது புதிதாக ஒன்றையும் எழுதலும் ஆகாது. அட்டை வாசிக்கப்படாமைக்குக் காரணம் பல வேளைகளில் அரிக்கப்பட்ட தொடுகையோ, கட்டுப்படுத்தும் சில்லின் பழுதோ ஆகும். இலத்திரன்கள் தம் சிறையிலே பத்திரமாக இருத்தல் கூடும். இத்தகைய அட்டையின் நினைவகத்தை நேரே அணுகிப் படங்களை மீட்கும் தொழில்நுட்பக் கூடங்கள் உள்ளன. செலவு மிகுதியாதலால், இழந்த படத்தின் அருமையை நோக்கியே அதனை நாடல் வேண்டும்.

படங்கள் மீண்டபின் அவ்வட்டைக்கு ஓய்வளித்தலே தகும். அரிப்பு உடனே தோன்றுவதன்று; வாரங்கள் கழித்தும் அது தன் வேலையைத் தொடரும். ஒருமுறை பிழைத்தது என்பதற்காக அடுத்த திருமணத்தையும் அதனிடமே ஒப்படைத்தல் விவேகமாகாது.

நினைவட்டை படங்களைக் கமராவிலிருந்து வீட்டுக்குச் சுமந்துவரும் தூதுவனேயன்றி, அவற்றை என்றென்றும் காக்கும் பேழையன்று. அது சலவைக்குத் தப்பினும், திருட்டுக்கும் மறதிக்கும் மூப்புக்கும் தப்புவது உறுதியில்லை. எடுத்த அன்றே படங்களை வேறிரண்டு இடங்களிற் பிரதி செய்து, அவற்றுள் ஒன்றை வேறு வீட்டில் வைத்துவிட்டால், சட்டைப்பையில் மறந்த அட்டை நனைந்தாலும் கலங்குதற்கு இடமில்லை. துணியைத் தொட்டியில் இடுமுன் பைகளைத் தடவிப் பார்க்கும் பழைய வழக்கத்தையும் கைவிடாதிருத்தல் நன்று.