வண்டிக்கு ஒரு சன்ஷேட்

வெயிலில் தூரத்தே வருவது யார் என்று பார்க்க நெற்றியில் கையை வைத்துக்கொள்கிறீர்கள் அல்லவா? பழைய பிக்-அப் வண்டியின் முன் கண்ணாடிக்கு மேல், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தகடும் அந்தக் கைதான். டிரைவர்கள் அதை 'வைசர்' என்பார்கள்.

காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்தில் (கூரத்தாழ்வான் அவதரித்த ஊர்தான்) மூட்டை ஏற்றிச் சென்னைக்குக் கிளம்பும் வண்டிக்குக் காலை வெயில் முகத்தில்; மாலையில் திரும்பினால் மேற்கு வெயிலும் முகத்தில்தான்! எதிரே சைக்கிளில் வரும் பிள்ளை கண்ணில் படாமல் போவது இந்த நேரங்களில்தான்.

"உள்ளேதான் மடக்குப் பலகை இருக்கிறதே?" என்பீர்கள். அது கண்கூச்சத்தைத் தடுக்கும். ஆனால் சூடு அதற்கு முன்பே கண்ணாடி வழியாக உள்ளே வந்துவிடுமே! ஜன்னலுக்கு உள்ளே திரை போடுவதற்கும் வெளியே சன்ஷேட் கட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்குத் தெரியாததா? முன் கண்ணாடி 70 சதவீத வெளிச்சத்தையாவது உள்ளே விட வேண்டும் என்பது சட்டம். கறுப்பாக எதையும் ஒட்டவும் முடியாது.

உங்கள் வீட்டுக்காரர் வைசர் மாட்டக் கிளம்பினால், கூரையில் துளை போட மட்டும் விடாதீர்கள். மழைநீர் இறங்கித் துருவேறும். பழைய வண்டிகளில் கதவுக்கு மேலே மழைநீர் வழிய ஒரு தகட்டு விளிம்பு உண்டு. அதில் கிளாம்ப் போட்டு முறுக்கலாம். நடுவிலும் ஒரு தாங்கி வேண்டும், இல்லாவிட்டால் காற்றில் படபடக்கும். ரொம்ப நீட்டினால் சிக்னல் விளக்கு மறைந்துபோகும்.

சூரியன் அடிவானத்துக்கு இறங்கிவிட்டால் எந்த வைசரும் உதவாது. வண்டியை ஓரங்கட்டி, ஒரு டீ குடித்துவிட்டு வரச் சொல்லுங்கள்!